மூன்று நாள் மூட்டம்

மாகறலில் அர்ஜுனன் என்றால், "எந்த அர்ஜுனன், மதகடி அர்ஜுனனா?" என்று கேட்பார்கள். ஏரி மதகை அடுத்து மூன்று காணி நஞ்சை அவருடையது. அறுபத்து மூன்றாவது வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்ததும், ஏர், மாடு, நிலம் எல்லாவற்றையும் மகன் முருகேசன் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் கோயில் குளத்தில் முழுக்கு, நெற்றி நிறையத் திருநீறு, சிவன் கோயிலில் மூன்று சுற்று, பிறகு அப்பாதுரையின் டீக்கடை பெஞ்சு. அதோடு பொழுது போய்விடும்.

முருகேசன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் யூரியா எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்று ஒன்றிய ஆபீஸ்காரரைக் கேட்பானே தவிர அப்பனைக் கேட்க மாட்டான். கேட்காத இடத்தில் எதற்கு வாயைத் திறப்பது என்று இவரும் சும்மா இருந்துவிட்டார். சும்மா இருந்தாரே ஒழிய, மனசுக்குள் ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. நாற்பது வருஷம் பயிர் வைத்தவனை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லையே என்று.

ஐ.ஆர். எட்டு நெல் இந்தப் பக்கம் வந்த இரண்டாவது வருஷம், கேட்க ஓர் ஆள் வந்தார்.

கலியாணசுந்தர முதலியார் பிள்ளையார்பாளையத்துக்காரர். நாற்பத்தைந்து வயது வரைக்கும் தறிக்குழியில் கால் வைத்தவரே தவிர, சேற்றில் கால் வைத்ததில்லை. அவர் மனைவி மங்கையர்க்கரசி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவள். இருபது வருஷம் சாய அடுப்புப் புகையில் நின்று அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு விட முடியாது. "புகையை விட்டு வெளியே கூட்டிகினு போங்க. இல்லன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மாகறலில் ஒரு காணி நிலமும் ஓட்டு வீடும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த மறுநாளே முதலியார் டீக்கடைக்கு வந்து, "இந்த ஊர்ல பயிர் வெவரம் தெரிஞ்சவங்க யாருங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

அப்பாதுரை டீயை ஆற்றிக்கொண்டே, "தோ, உக்காந்துகினு இருக்காரே, இவருதான். வூட்டுல யாரும் கேக்க மாட்டறாங்க. நீங்களாச்சும் கேளுங்க, புண்ணியமாப் போவும்" என்றான்.

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜுனனும் சிரித்தார். ஆனால் முதலியார் சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்று, "பெரியவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றபடி செய்யறோம்" என்றார்.

அந்த ஆனி மாசம் முழுவதும் அர்ஜுனனுக்கு முழங்கால் வலியே தெரியவில்லை. ஆட்டுக்கிடை போட ஆள் பேசிக் கொடுத்தார். வரப்பில் நண்டு வளை எங்கெங்கே இருக்கும், அதை எப்படி அடைப்பது, புழுதி உழவுக்கு மண் எப்படி உதிர வேண்டும், எல்லாவற்றையும் வயலில் நின்று காட்டினார். அத்தனையும் அவர் தம் கையால் செய்த வேலை. சொன்னதில் ஒரு பிசகு இல்லை.

முதலியார் ஒவ்வொன்றுக்கும் அளவு கேட்பார். எத்தனை சால், எத்தனை கூடை, எத்தனை விரற்கடை. "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. தறியில ஒரு இழை தப்பினா புடவையே கோணிக்கும். அந்தப் புத்தி" என்பார். அர்ஜுனனுக்கு அது பிடித்திருந்தது. டீக்கடைக்கு வரும்போது வெளுத்த வேட்டியாகக் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். "இன்னா வாத்தியாரே, இன்னிக்கு இஸ்கூலு லீவா?" என்று அப்பாதுரை கேலி பண்ணினால், "உனக்கு இன்னாத்துக்குடா, பாயிலர்ல தண்ணி இருக்குதான்னு பாரு" என்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விடும்.

ஆடிக் கடைசியில் விதை நாள் வந்தது. முதலியாரும் பக்கத்து நிலத்துக் குமாரசாமியும் சேர்ந்து ஒன்றிய டிப்போவில் விதை நெல் வாங்கி வந்து பகிர்ந்துகொண்டார்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் கூட்டம்.

"ஒரு நாள் முழுக்க ஊறப்போடு. அப்புறம் தண்ணிய வடிச்சிட்டு மூட்டம் போடணும். கீழ வைக்கோல பரப்பி, விதையக் கொட்டி, மேல வைக்கோலும் சாக்கும் போட்டு மூடி, கல்லு வச்சிடணும். உள்ள சூடு கட்டி முளை வுடும்" என்றார் அர்ஜுனன்.

"எவ்வளவு நேரம் மூடி வைக்கணும்?" என்று கேட்டார் முதலியார்.

"பதம் வர்ற வரைக்கும்."

"பதம்னா எப்படி இருக்கும் பெரியவரே? எத வச்சிக் கண்டுபிடிக்கிறது?"

அர்ஜுனன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

முப்பது வருஷமாக அவர் வீட்டு மூட்டம் மாட்டுக்கொட்டகையில்தான் நடந்தது. அந்த வேலையைச் செய்தவள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் இருக்கும் கங்கையம்மாள். ஒரு நாள் விடியற்காலையில் வந்து, "விதை ஆச்சு ஆண்டே" என்பாள். இவர் நாற்றங்காலில் சேறு கலக்கி வைத்திருப்பார். நடுவில் கொட்டகைக்குள் அவள் என்ன செய்தாள், எத்தனை தடவை வந்து போனாள் என்று இவர் தலையைக் குனிந்து எட்டிப் பார்த்ததுகூட இல்லை. தமக்குத் தெரியாது என்பதே அந்தக் கணத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

தெரியாதுப்பா, கங்கையம்மாளைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெஞ்சில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. நிலம் கைமாறியதும் முருகேசன் தன் ஆட்களை வைத்துக்கொண்டு, கங்கையம்மாளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முப்பது வருஷம் உழைத்தவளை ஒரு தடவை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அர்ஜுனனுக்குத் தோன்றியது. போகவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது எந்த முகத்தோடு அவள் பெயரை எடுப்பது?

"மூணு நாள்" என்றார். "மூணு நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாது. நாலாம் நாள் காலைல பிரிச்சிப் பாரு, முல்லை மொக்கு மாதிரி இருக்கும்."

முதலியார் விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் முதலியார் தாமே ஓடி வந்தார். "பெரியவரே, கொஞ்சம் வாங்க."

வாசலில் கால் வைக்கும்போதே நாற்றம் வந்தது. புளித்துப்போன கழுநீர் நாற்றம். சாக்கை விலக்கினால் குப்பென்று ஆவி அடித்தது. நெல் பழுப்பேறி, வழவழவென்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. அர்ஜுனன் கையை உள்ளே விட்டார். சுட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அந்தச் சூட்டில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆடி மாசச் சாயங்காலங்களில் கொட்டகையிலிருந்து கங்கையம்மாள் குரல் கொடுப்பாள்: "சூடு ஏறிப்போச்சும்மா, இன்னொரு குடம் தண்ணி குடு, தெளிச்சிக் கெளறி வுடணும்." அவர் மனைவி ரேணுகாம்பாள் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். வருஷா வருஷம் காதில் விழுந்த பேச்சு. காதில் விழுந்ததே தவிர அவர் கேட்டதில்லை.

தம்மால்தான் விதை வெந்துபோனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது.

"டிப்போ விதை சொத்தை போல இருக்குது" என்றார்.

"குமாரசாமியும் அதே விதைதானே போட்டாரு? இப்பதான் பாத்துட்டு வந்தேன். அவருது நல்லா முளைச்சிருக்குது."

முதலியார் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அர்ஜுனன் வேறு பக்கம் திரும்பினார். கொல்லைப்புறக் கதவுக்குப் பின்னால் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது. மங்கையர்க்கரசி வீட்டுக்குள் வராமல் ஒதுங்கி நின்றாள். பார்த்ததும் விஷயம் புரிந்தது. புரிந்த அந்த நிமிஷமே வாய் முந்திக்கொண்டது.

"தீட்டுப் பட்டிருக்கும். தூரமா இருக்கிறவங்க யாராச்சும் மூட்டத்துல கை வச்சாங்களா? விதை சாமி மாதிரி. பொறுத்துக்காது."

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ரெண்டாம் நாளு நான்தான் கை வச்சிப் பாத்தேன். மறுநாள்தான் நான் ஒதுங்கினேன். முன்னாடியே ஆயிடுச்சோ என்னமோ... எனக்குத் தெரியலையே."

அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலியார் சாக்கை இழுத்து மூடினார்.

வீட்டுக்கு வந்த அர்ஜுனன் கையை மூன்று தடவை கழுவினார். அந்தப் புளித்த வாடை போகவில்லை.

அதற்கப்புறம் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போனார். போனாரே தவிர, சந்நிதிக்கு நேரே நிற்க முடியவில்லை. தூண் மறைவில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். வாழ்நாளில் அவர் பொய்யே சொன்னதில்லை என்று இல்லை. சந்தையில் மாட்டுக்கு வயசைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் சாமியின் பெயரைச் சொல்லி, ஒன்றும் அறியாத ஒரு பெண்பிள்ளையின் தலையில் பழியைப் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணுகாம்பாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"முதலியாரு சம்சாரம் நாலு நாளா ஒருவேளைதான் சாப்பிடுதாம். நாளைக்கு திங்கக்கெழமை கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணப்போவுதாம். விதையக் கெடுத்த பாவம் தொலையணுமாம். இழுப்புக்காரி, ஈரத்தோட கல்லு மேல உருண்டா உசுரு தாங்குமா?"

அர்ஜுனன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டாம் நாளே கை வச்சிப் பாத்துட்டு, சாயத் தொட்டி மாதிரி கொதிக்குதே, பிரிச்சிடலாம்னு சொல்லிச்சாம். பெரியவரு தொடக் கூடாதுன்னாருன்னு முதலியாரு அதட்டிட்டாராம்." ரேணுகாம்பாள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நம்ம வூட்ல கங்கையம்மா காலைலயும் சாயங்காலமும் தண்ணி தெளிச்சிக் கெளறுவாளே. நீங்க அத்த சொல்லலையா?"

"மோர் ஊத்து" என்றார்.

ஊற்றினாள். மேற்கொண்டு கேட்கவில்லை. நாற்பது வருஷம் உடன் இருந்தவளுக்கு, மோர் கேட்ட குரலே போதுமாயிருந்தது. அவள் கேட்காததுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

திங்கட்கிழமை காலையில் அவர் போவதற்குள் மங்கையர்க்கரசி குளத்தில் முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூச்சு இப்போதே விசில் மாதிரி சத்தம் போட்டது. பக்கத்தில் முதலியார். குருக்கள் கையில் திருநீற்றுத் தட்டு. நாலைந்து பெண்கள் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை அப்பாதுரையும் அன்றைக்கென்று கோயிலுக்கு வந்திருந்தான்.

அவர்கள் எல்லோரும் போகட்டும், தனியாகச் சொல்லலாம் என்றுதான் அர்ஜுனன் நினைத்திருந்தார். அதற்குள் அவள் கையைத் தலைக்கு மேல் கூப்பி, முழங்காலை மடக்கிவிட்டாள்.

"படுக்காதம்மா!" என்று கத்திவிட்டார். பிராகாரம் முழுக்க எதிரொலித்தது.

எல்லோரும் திரும்பினார்கள். நடந்து அவள் முன்னால் போய் நின்றார்.

"உம்மேல தப்பு இல்லம்மா. தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூட்டத்த தினம் பிரிச்சி, தண்ணி தெளிச்சி, கெளறி வுடணும். இல்லன்னா விதை வெந்துடும். எனக்கு அது தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். கெட்டுப்போன அன்னிக்கு எனக்குப் புரிஞ்சிடுச்சி. புரிஞ்சப்புறமும் உன் தலைல போட்டேன்."

குருக்கள் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். முதலியாரின் முகம் சிவந்தது. "பெரியவரே, இவ அஞ்சு நாளா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டார். அடித்திருந்தால்கூட அர்ஜுனன் வாங்கிக்கொண்டிருப்பார்.

மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். "அப்போ நான் கை வச்சது தப்பில்லையா?"

"கை வச்சதுதான் சரி. அன்னிக்கே பிரிச்சிருந்தா விதை பொழைச்சிருக்கும்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்கள நாங்க அடிச்சா போட்டிருப்போம்? நாங்களே தெரியாமதானே உங்ககிட்ட வந்தோம்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அர்ஜுனன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்களில் ஒருத்தி, "நெத்தி நெறையத் திருநீறு வேற" என்று முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது. அவர் கை தானாக நெற்றிக்குப் போய், பாதியில் இறங்கிவிட்டது.

மங்கையர்க்கரசி சந்நிதிக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதுவரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

வந்தவள், "கெளறி வுடணும்னு இப்ப எப்படித் தெரிஞ்சிது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எங்க வூட்ல கங்கையம்மான்னு ஒருத்தி... முப்பது வருசம் அவதான் போட்டா. காலனில இருக்குது."

"அவங்க வூட்டக் காட்டுங்க."

"நீங்க வூட்டுக்குப் போங்கம்மா, நான் கூட்டிகினு வரேன்."

"வேணாம். வந்து காட்டுங்க."

கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அர்ஜுனன் முன்னால் நடந்தார். பின்னால் ஈரப் புடவையோடு அவளும், முறைத்துக்கொண்டே முதலியாரும். அப்பாதுரை அதற்குள் ஓடிப்போய்க் கடையில் சேதி சொல்லியிருந்தான் போலிருக்கிறது. பெஞ்சில் ஒருத்தரும் வாத்தியாரே என்று கூப்பிடவில்லை. கால்வாய்ப் பலகையில் முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். அறுபத்தைந்து வருஷத்தில் அந்தப் பலகையைத் தாண்டி அவர் போனதில்லை.

கங்கையம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு, ஆண்டேயா? வழி தப்பிடிச்சா? உங்க வூடு அந்தப் பக்கம்."

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"ரெண்டு வருசமா நான் இங்கதான் இருக்குறேன். எங்கயும் ஓடிப் போவல."

நடந்ததையெல்லாம் மங்கையர்க்கரசிதான் சொன்னாள். மூன்று நாள் என்றதும் கங்கையம்மாள் கீரையைக் கீழே போட்டாள்.

"மூணு நாளா? தொடாமயா? இன்னா ஆண்டே, விதையா வச்சீங்க, சாராயமா காய்ச்சினீங்க?" என்று சிரித்தாள். தீட்டுப் பேச்சு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அர்ஜுனனைப் பார்க்காமல், பாயை உதறி விரித்து, "உக்காரும்மா, ஈரத்தோட நிக்கிற" என்றாள்.

முதலியார் தயங்கினார். மங்கையர்க்கரசி உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்தார். அர்ஜுனனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"கைய வுட்டா எப்படி இருந்திச்சி?"

"சாயத் தொட்டியில மொதக் கொதி வருமே, அப்படி."

"அது கைமீறிப் போன சூடு. அதுக்கு முன்னாடி, பச்சைக் கொழந்தைக்கு ஊத்துற தண்ணி மாதிரி ஒரு சூடு வரும். அப்பவே பிரிச்சி, தெளிச்சி, அடியில கிடக்கிறத மேல கொண்டாந்து மூடணும். வெயிலு ஜாஸ்தின்னா மூணு தடவ. மோப்பம் புடிச்சிப் பாரு, பச்சை வாசனை அடிக்கணும். துளி புளிச்சாலும் ஒடனே பிரிச்சிடு." மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கில் இன்னும் சாயம் இருந்தது. "உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லம்மா. உன் கைக்குத் தெரியும்."

கொட்டகையில் முப்பது வருஷம் நடந்த வேலையை அர்ஜுனன் அன்றைக்குத்தான் கேட்டார். மற்றவர்களுக்குச் சொன்னதை நின்றபடி கேட்டார்.

"விதைக்கு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் கங்கையம்மாள்.

முதலியார் கையை விரித்தார்.

"எங்க குதிர்ல விதை நெல்லு மீந்து கிடக்குது. நான் முருகேசனைக் கேட்டு வண்டில போட்டு அனுப்புறேன்" என்றார் அர்ஜுனன். அந்த வாசலில் அவர் வாயைத் திறந்தது அது இரண்டாவது தடவை.

"அத்த சாயங்காலம் அனுப்புங்க. ஊறப்போட அண்டா வேணும். உங்க வூட்டு செப்பு அண்டா இருக்குதில்ல, அது வேணும். இப்பவே கொண்டாந்து இவங்க வூட்ல போடுங்க. நான் வந்து வௌக்கி வைக்கிறேன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் அவரை வேலை ஏவியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ரேணுகாம்பாள் அண்டாவைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்து வைத்தாள். தெருவில் முருகேசன் எதிரே வந்தான்.

"இன்னாபா இது கோலம்? யாரு கேட்டது அண்டாவ?"

"கங்கையம்மா கேட்டாங்க. வழி வுடு."

அவன் ஒதுங்கினான். டீக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. அண்டாவின் விளிம்பு புருவத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. தம் கால் வைக்கும் இடம் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த மட்டுக்கும் நல்லது என்று அர்ஜுனன் அதைத் தூக்கிவிடாமலே நடந்தார்.